மோட்டார் படகுக்காரர் பாய்மரம் பழக: சோலன்ட் கரையில் எங்கே தொடங்குவது, எவ்வளவு ஆகும்

இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவிலுள்ள சோலன்ட் கடலில், ஹாம்பிள், போர்ட்ஸ்மத், லிமிங்டன் பக்கம் மோட்டார் படகு வைத்துக்கொண்டு, ஒருமுறை பாய் ஏற்றித்தான் பார்ப்போமே என்று நினைப்பவர்களுக்கு இது. இப்படி நினைப்பவர்கள் பணத்தை இரண்டு விதமாக விடுகிறார்கள். சிலர் கடல் நமக்குப் பழக்கம்தானே என்று நேரே ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் கடலையே பார்க்காதவர்போல முதல் பாடத்திலிருந்து தொடங்கி, ஏற்கெனவே படித்ததற்கு மறுபடி பணம் கட்டுகிறார்கள். உங்களிடம் இருப்பதில் பாதி இங்கே செல்லும், பாதி செல்லாது. அதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் வரிசை தானாக அமைந்துவிடும்.

கீழே வரும் தொகைகள் தோராயமானவை. பருவத்துக்கும் இடத்துக்கும் ஏற்பக் கூடும், குறையும்.

1. கையில் உள்ள சான்றிதழ்களைப் பிரித்துப் பாருங்கள்

பிரிட்டனில் சொந்தப் பொழுதுபோக்குக்காகக் கடலில் 24 மீட்டருக்குக் குறைந்த படகை ஓட்டச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. பாய்மரத்துக்கும் அப்படித்தான். ஆனால் பயிற்சிப் பள்ளி, வாடகை நிறுவனம், காப்பீட்டாளர், வெளிநாட்டுத் துறைமுக அதிகாரி என்று வழியில் நிற்கும் எல்லோரும் காகிதம் கேட்பார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் பிரிட்டனின் படகோட்டச் சங்கமான ஆர்.ஒய்.ஏ.வின் சான்றிதழ்தான்.

அப்படியே செல்பவை:

- டே ஸ்கிப்பர் (படகுக்குத் தலைமையேற்று ஓட்டும் முதல் நிலைத் தகுதி) தியரி. பாய்மரத்துக்கும் மோட்டாருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. சுமார் 40 மணி நேரப் படிப்பு. முடித்திருந்தால் மறுபடி எழுத வேண்டாம். “பாய்மர டே ஸ்கிப்பர் பேக்கேஜ்” என்று தியரியையும் சேர்த்து விற்கும் இடத்தில் செய்முறைக்கு மட்டும் விலை கேளுங்கள். இருநூறு முந்நூறு பவுண்டு மிச்சமாகும்.
- வி.எச்.எஃப். கடல் வானொலியை இயக்குபவருக்கான எஸ்.ஆர்.சி. சான்றிதழ். அது ஆளுக்கு உரியது, படகுக்கு அல்ல. காலாவதியும் கிடையாது.

செல்லாதவை:

- பவர்போட் லெவல் 2, மோட்டார் டே ஸ்கிப்பர் செய்முறை. துறைமுகத்துக்குள் கைகொடுக்கும் திறமைதான், ஆனால் பாய்மரச் சான்றிதழுக்குள் எண்ணிக்கையில் வராது.
- மோட்டார் படகில் ஓடிய மைல்கள். பாய்மர டே ஸ்கிப்பர் செய்முறைக்கு முன் எதிர்பார்க்கப்படும் 5 நாள், 100 மைல், 4 இரவு மணி நேரம் ஆகிய மூன்றும் பாய்மரப் படகில் இருந்திருக்க வேண்டும். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். லாக்புத்தகத்தில் ஆயிரம் மைல் இருக்கும், அதில் ஒரு மைல்கூட உதவாது.
- கப்பல் வானொலி உரிமம். பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஆணையமான ஆஃப்காம் இணையத்தில் இலவசமாகத் தருவது. ஆனால் படகுக்குப் படகு தனி.

தியரி முடித்துப் பல வருடமாகி நீரோட்டக் கணக்கெல்லாம் மறந்துபோயிருந்தால், மறுபடி வகுப்புக்குப் போக வேண்டாம். பழைய பயிற்சித் தாள்களை எடுத்து ஒரு வார இறுதியில் போட்டுப் பாருங்கள். ஜி.பி.எஸ். திரையில் வந்த கோட்டைப் பார்த்தே ஓட்டிப் பழகியவர்களுக்கு இது கட்டாயம். பாய்மரத்தில் கோடு நேராகப் போகாது.

2. பயிற்சியை எந்த வரிசையில் எடுப்பது

முதலில் டிங்கி, அதாவது சிறிய திறந்த பாய்மரப் படகு. ஆர்.ஒய்.ஏ. லெவல் 1, லெவல் 2, தலா இரண்டு நாள். இரண்டும் சேர்ந்து 350 முதல் 550 பவுண்டு வரை ஆகும். நாலு மீட்டர் படகில் தப்புச் செய்தால் அடுத்த நொடியே தெரிந்துவிடும். எட்டு டன் படகில் அதே தப்பு அரை நிமிடம் கழித்துத் தெரியும், அதற்குள் அடுத்த தப்பும் நடந்திருக்கும். கவிழ்வது பாடத்தின் ஒரு பகுதி, நனையாமல் முடியாது. முழங்கால் தகராறு உள்ளவர்கள் டிங்கியை விட்டுவிட்டு, அடியில் கனமான கீல் உள்ள சிறிய கீல்போட்டில் இதே பாடம் நடத்தும் பள்ளியைத் தேடலாம். அது தவறே இல்லை.

அடுத்தது பெரிய பாய்மரப் படகில் நடக்கும் பாடம்: ஸ்டார்ட் யாட்டிங் அல்லது காம்பிடென்ட் க்ரூ. முன்னது இரண்டு நாள். உங்களோடு கணவரோ மனைவியோ பிள்ளைகளோ வரப்போகிறார்கள் என்றால் அவர்களையும் முதலில் இந்த இரண்டு நாளுக்கு அழைத்துப் போங்கள். படகு சாயும்போது யாருக்குப் பிடிக்கிறது, யாருக்கு வயிறு புரட்டுகிறது என்பது வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். காம்பிடென்ட் க்ரூ ஐந்து நாள், படகிலேயே தங்கல். தேர்வு இல்லை. டே ஸ்கிப்பருக்கு வேண்டிய 100 மைலும் 4 இரவு மணியும் பெரும்பாலும் இதிலேயே சேர்ந்துவிடும். பருவத்தில் 600 முதல் 900 பவுண்டு, மார்ச்சிலும் அக்டோபரிலும் குறைவு.

கடைசியாக டே ஸ்கிப்பர் செய்முறை. இதுவும் ஐந்து நாள், கட்டணமும் ஏறத்தாழ அதே அல்லது சற்று மேலே. தனித் தேர்வு கிடையாது, வாரம் முழுக்கப் பயிற்றுநர் கவனித்து முடிவு செய்வார். தேறவில்லை என்றால் சான்றிதழ் தரமாட்டார், பணமும் திரும்பாது.

பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை: சாப்பாடு, டீசல், இரவுத் துறைமுகக் கட்டணம் எல்லாம் விலைக்குள் வருமா? மழைச்சட்டை வாடகை உண்டா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? ஐந்து வரை அனுமதி, நாலு பேர் என்றால் சுக்கான் பிடிக்கும் நேரம் கூடும். ஐந்து பேரில் எத்தனை பேர் க்ரூ, எத்தனை பேர் டே ஸ்கிப்பர் என்பதையும் கேளுங்கள். ஐந்துமே டே ஸ்கிப்பர் மாணவர்கள் என்றால் படகைத் துறையில் கொண்டுவந்து கட்டும் பயிற்சி ஒருவருக்கு நாலைந்து முறைக்கு மேல் வராது.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விஷயம் உண்டு. ஜூன் கடைசியில் சோலன்டில் சூரியன் மறைவது இரவு ஒன்பதரையை ஒட்டி. இரவுப் பயணம் என்று கிளம்பினால் நள்ளிரவு தாண்டித்தான் படுக்கை. ஏப்ரலிலோ செப்டம்பர் பிற்பகுதியிலோ போனால் இரவு உணவுக்குப் பிறகு கிளம்பி நாலு மணி நேரத்தை ஒழுங்காக முடிக்கலாம். குளிர் கொஞ்சம் இருக்கும், அவ்வளவுதான்.

பையை மடிக்கக்கூடியதாக எடுத்துப் போங்கள், சக்கரம் வைத்த பெட்டிக்குப் படகில் இடமில்லை. தரையில் கறை விடாத அடிப்பாகமுள்ள ஷூ, விரல் நுனி வெட்டிய கையுறை. லைஃப்ஜாக்கெட் பள்ளியே தரும். சொந்தமாக வாங்குவதானால் 150 நியூட்டன், தொடைப் பட்டையோடு, கொக்கி மாட்டும் வளையம் உள்ளதாக வாங்குங்கள். மோட்டார் படகில் பயன்படுத்தியதில் அந்த வளையம் இல்லாமல் இருக்கலாம்.

பணமே கட்டாமல் பழக ஒரு வழியும் உண்டு. கரையோரக் கிளப்புகளில் கோடைக்கால வார நாள் மாலைகளில் பந்தயம் நடக்கும், ஆள் குறையாத படகு அபூர்வம். மழையிலும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பவருக்கு எப்போதும் இடம் கிடைக்கும். சான்றிதழ் வராது, கை பழகும்.

3. வழிவிடும் விதி: நீங்கள் இப்போது யார்?

விதிப் புத்தகம் உங்களுக்குத் தெரியும். ஆனால் அதை இதுவரை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்திருப்பீர்கள்.

பாயை ஏற்றியிருந்தாலும் எஞ்சினை கியரில் போட்டால் நீங்கள் மோட்டார் படகுதான். பாய் நிறையக் காற்று இருக்கிறதே என்று மற்றவர் வழிவிடக் காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் முன்பக்கம் கூம்பு ஒன்றைத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். பாதிப் பேர் செய்வதில்லை. மோதல் நடந்து காப்பீட்டாளர் கேள்வி கேட்கும்போது அந்தக் கூம்பு ஞாபகம் வரும். இரவில் எஞ்சின் ஓடினால் அதைக் காட்டும் ஸ்டீமிங் விளக்கு எரிய வேண்டும், நிறுத்தினால் அணைய வேண்டும். பாயைத் தாங்கும் மரத்தின் உச்சியில் உள்ள மூவண்ண விளக்கு பாயில் மட்டும் போகும்போது போடுவது, எஞ்சினில் போகும்போது அது கூடாது.

பாய்மரப் படகுகள் இரண்டு சந்திக்கும்போது இடப்பக்கம் காற்று வாங்குபவர் வழிவிட வேண்டும். இருவருக்கும் ஒரே பக்கம் காற்று என்றால் காற்றுக்கு அருகே, மேலே இருப்பவர் வழிவிட வேண்டும். முந்திச் செல்பவர் எந்தப் படகாக இருந்தாலும் அவர்தான் ஒதுங்க வேண்டும்.

பாய்க்கு எப்போதும் முன்னுரிமை என்பது குறுகிய கால்வாயில் செல்லாது. சோலன்டில் இதன் பொருள் மிகத் தெளிவானது. சவுத்ஹாம்டனுக்கு வரும் 150 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு, கால்ஷாட்டுக்கும் வைட் தீவின் கௌஸுக்கும் இடைப்பட்ட எச்சரிக்கைப் பகுதியில் முன்னால் 1000 மீட்டர், இருபக்கமும் 100 மீட்டர் நகரும் தடைப்பகுதி உண்டு. 20 மீட்டருக்குக் குறைந்த படகு எதுவும் அதற்குள் போகக் கூடாது. மோட்டார் படகில் கப்பலைப் பார்த்த பிறகு விசையைத் தள்ளி ஒதுங்கிவிடலாம். ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல்மைல்) வேகத்தில் 1000 மீட்டரைக் கடக்க ஆறரை நிமிடம் ஆகும், காற்று நின்றால் அதுவும் இல்லை. அதனால் வி.எச்.எஃப். வானொலியில் சேனல் 12-ஐக் கேட்டுக்கொண்டே இருங்கள், எஞ்சினை உடனே எடுக்கக்கூடிய நிலையில் வையுங்கள்.

4. கை மறக்க வேண்டியவை

சக்கரம் பிடித்த கைக்கு, சுக்கானைத் திருப்பும் நீள்பிடியான டில்லர் தலைகீழ். டில்லரை வலப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு இடப்பக்கம் போகும். அரை நாளில் பழகிவிடும். பதற்றத்தில் மட்டும் பழைய பழக்கம் திரும்பும், அதனால் முதல் நாள்களில் மற்றப் படகுகளை ஒட்டி ஓட்டாதீர்கள்.

அவுட்போர்டிலும் ஸ்டெர்ன்டிரைவிலும் நீங்கள் திருப்பியது தள்ளும் நீரை. இங்கே திருப்புவது ஒரு பலகையை. அந்தப் பலகையைக் கடந்து நீர் ஓடினால்தான் படகு கேட்கும். ஒன்றரை, இரண்டு நாட் வேகத்துக்குக் கீழே போனால் சுக்கான் செத்துவிடும். பெர்த்துக்குள் (படகு நிறுத்துமிடம்) மிக மெதுவாக நுழைய வேண்டும் என்று கற்றவர்கள் காற்றடிக்கும் நாளில் அதே வேகத்தில் நுழைந்து, மூக்கு பக்கவாட்டில் அடித்துப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மறுபுறம், நாலைந்து டன் எடையை பதினைந்து இருபது குதிரைத்திறன் டீசல்தான் நிறுத்த வேண்டும். மோட்டார் படகில் போடும் ஒரு நொடிப் பின்கியர் இங்கே ஒன்றும் செய்யாது, ஒரு படகு நீளத்துக்கும் மேலே இடம் வைத்துத் தொடங்குங்கள். ஷாஃப்ட் இயக்கமுள்ள படகில் பின்கியர் போட்டதும் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுக்கும். வலச்சுழல் விசிறி (ப்ரொப்பெல்லர்) என்றால் இடப்பக்கம். கட்டும் பக்கத்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுத்தால் அந்த இழுப்பே உங்களை மேடையோடு ஒட்டவைக்கும்.

எஞ்சினைக் கியரில் போடும் முன் எல்லாக் கயிறும் படகுக்குள் இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்க வேண்டும். முன்பாயை இழுக்கும் கயிறான ஜிப் ஷீட் ஒன்று தண்ணீரில் தொங்கிக்கொண்டிருக்க, எஞ்சினை எடுத்து விசிறியில் சுற்றிக்கொள்வதுதான் மோட்டாரிலிருந்து வருபவர்களிடம் அடிக்கடி நடக்கும் விபத்து. அவர்களுக்குக் கயிறு என்றால் துறைமுகத்தில் மட்டும் வெளியே வரும் பொருள்.

பழைய டீசலை நிறுத்தும்போது முதலில் நிறுத்தும் பிடியை இழுங்கள், எஞ்சின் நின்ற பிறகு சாவியைத் திருப்புங்கள். எஞ்சின் ஓடும்போதே சாவியைத் திருப்பினால் ஆல்டர்னேட்டர் போகலாம். படகு நன்றாகச் சாய்ந்திருக்கும்போது எஞ்சினை ஓட்டவும் வேண்டாம், குளிர்விக்கும் நீர் எடுக்கும் துளை தண்ணீருக்கு மேலே வந்துவிடக்கூடும்.

கயிற்றை இழுக்கும் உருளையான வின்ச்சில் கயிற்றைக் கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். முதலில் இரண்டு சுற்று, பாரம் ஏறியதும் மூன்று, நாலு. தொடக்கத்திலேயே நாலு போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொள்ளும், பிறகு இழுக்கவும் வராது, விடவும் வராது. தளர்த்தும்போது சுற்றின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தியபடி விட வேண்டும், விரலை நுழைக்கக் கூடாது. பாரம் தாங்கும் கயிற்றை நழுவாமல் பிடித்திருக்கும் கிளட்ச்சைத் திறக்கும் முன் அந்தக் கயிற்றை வின்ச்சில் எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையில் பிடித்தபடி திறந்தால் உள்ளங்கைத் தோல் போகும்.

பெரும்பாயின் அடியில் கிடையாக உள்ள கம்பான பூம் பற்றி ஒன்று. காற்று பின்னாலிருந்து வரும்போது தற்செயலாக ஜைப் ஆனால், அதாவது பாய் மறுபக்கம் அடித்துத் திரும்பினால், அது தலை உயரத்தில் முழு வேகத்தோடு குறுக்கே வரும். மோட்டார் படகின் பின்தளத்தில் நிமிர்ந்து நின்று பேசிப் பழகியவர்கள் இங்கே உட்கார்ந்து பேச வேண்டும்.

கடைசியாக அறைக்குள். கிளம்பும் முன் கெட்டில், கோப்பை, மடிக்கணினி எல்லாம் எங்கே விழும் என்று யோசித்து வையுங்கள். கழுவுதொட்டியின் வால்வையும் கழிப்பறையின் வால்வையும் மூடுங்கள், படகு சாயும் பக்கத்தில் இருந்தால் கடல் அதன் வழியே உள்ளே வரும்.

5. காற்றும் நீரோட்டமும்: கணக்கு மாறும் இடம்

கௌஸிலிருந்து யார்மத் சுமார் 9 கடல்மைல். 20 நாட் ஓடும் மோட்டார் படகுக்கு அரை மணி நேரம் கூட இல்லை. நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்க்காமலே போயிருப்பீர்கள்.

இதே தூரத்தைப் பாயில் பாருங்கள். சோலன்டில் அதிகம் வீசுவது தென்மேற்குக் காற்று, அதாவது யார்மத் பக்கமிருந்து உங்கள் முகத்துக்கு. காற்றுக்கு நேரே எந்தப் பாயும் போகாது, இருபக்கமும் 45 பாகை விட்டு வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். 5 நாட் வேகத்தில் ஓடினாலும் யார்மத்தை நோக்கி நீங்கள் நகர்வது மூன்றரை நாட்தான். 2 நாட் ஓட்டம் கூடவே வந்தால் அது ஐந்தரை ஆகும், ஒன்றே முக்கால் மணிக்குள் போய்விடலாம். அதே 2 நாட் எதிரே வந்தால் மிஞ்சுவது ஒன்றரை. 9 மைலுக்கு ஆறு மணி நேரம். ஓட்டம் திரும்பவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் ஆகும். மேற்கு முனையில் ஹர்ஸ்ட் குறுக்கத்தில் பெருநீர் நாள்களில் (அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி) ஓட்டம் 4 நாட்டைத் தாண்டும். அங்கே எதிர்த்து ஏறுவது என்ற பேச்சே இல்லை.

எஞ்சின் இருக்கிறதே என்றால், அதுவும் உங்களைக் காப்பாற்றாது. பாய்மரப் படகின் உடல் நீரைப் பிளந்து போவது, மேலே ஏறி ஓடுவதல்ல. நீர்மட்ட நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் உச்ச வேகம் வரும். 25 அடிக்கு 6.7 நாட். அதற்கு மேலே எவ்வளவு பெரிய எஞ்சின் வைத்தாலும் டீசல்தான் கரையும்.

ஆகவே பயணத் திட்டம் ஓட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். முதலில் ஓட்டம் எப்போது நம் பக்கம், பிறகு கிளம்பும் நேரம், அதற்குப் பிறகுதான் காலை உணவு. ஓட்ட அட்டவணை எந்த நேரத்தில் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். பல அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும், கோடையில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். அந்த ஒரு மணியை விட்டுவிட்டால் மேலே போட்ட கணக்கு முழுவதும் வீண். காற்றும் ஓட்டமும் எதிரெதிரே வந்தால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். ஓட்டம் சாதகம், காற்று எதிரே என்பது வேகமான வழிதான், குலுக்கலும் அதில்தான்.

வானிலைக்கு மெட் ஆபீஸின் கரையோர அறிக்கையில் செல்ஸி பில் முதல் லைம் ரீஜிஸ் வரையுள்ள பகுதியைப் பாருங்கள். முதல் பருவத்தில் ஃபோர்ஸ் 3, அதாவது 10 நாட் வரை, நல்ல நாள். ஃபோர்ஸ் 4 என்பது 11 முதல் 16, அதில் பயிற்றுநரோ அனுபவசாலியோ கூட இருக்கட்டும். ஃபோர்ஸ் 5 சொன்னால் கரையில் இருங்கள். அறிக்கையில் வருவது சராசரி, வீச்சு அதைவிட 40 விழுக்காடு வரை கூடலாம்.

பின்காற்றில் ஒரு பொறி இருக்கிறது. மோட்டார் படகில் காற்று எப்போதும் முன்னாலிருந்து வருவதுபோலவே தோன்றும், அதனால் காற்றின் உண்மை வலுவை உணரும் பழக்கம் நமக்கு இருக்காது. 18 நாட் காற்று பின்னாலிருந்து வர, நீங்கள் 6 நாட்டில் முன்னே ஓடினால், முகத்தில் படுவது 12 நாட்தான். வெயில், சுகம், முழுப் பாயும் மேலே. திரும்பிக் காற்றை நோக்கி ஏறத் தொடங்கியதும் அது 22 நாட்டைத் தாண்டும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் பாயில் விழும் பாரம் மூன்று மடங்குக்கும் மேலே. பின்காற்றில் போகும்போதே, திரும்பினால் எவ்வளவு பாய் தாங்கும் என்று கேட்டு ரீஃப் எடுத்துவிடுங்கள், அதாவது பாயின் ஒரு பகுதியைச் சுருக்கிக் கட்டிவிடுங்கள். துறைமுகத்தை விட்டு வரும் முன்பே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. எடுத்ததைப் பிரிப்பது எளிது, அடிக்கிற காற்றில் எடுப்பதுதான் கஷ்டம். படகு 20 பாகைக்கு மேலே சாய்கிறதென்றால் வேகம் கூடவில்லை, சுக்கான்தான் கனக்கிறது.

6. வாங்கும் முன் வாடகை

டே ஸ்கிப்பர் கையில் வந்ததும் சோலன்டிலேயே ஒரு வார இறுதிக்குப் படகு எடுக்கலாம். சான்றிதழ், பயண அனுபவம், கூட வருவோர் பெயர் ஆகியவற்றைக் கேட்பார்கள். முன்வைப்புத் தொகை 500 முதல் 1500 பவுண்டு. திரும்பப் பெற முடியாத ஒரு சிறு கட்டணம் கட்டி அந்தப் பொறுப்பைக் குறைக்கும் வழியும் இருக்கும், அதில் விசிறியில் கயிறு சுற்றியது அடங்குமா என்று படித்துப் பாருங்கள். உங்கள் மோட்டார் படகின் காப்பீடு வாடகைப் படகுக்குச் செல்லும் என்று நினைக்காதீர்கள்.

தனியார் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு தன் படகில் கூட்டிப்போகிறேன் என்றால், வணிகப் பயன்பாட்டுக்கான கோடிங் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். டீசலையும் சாப்பாட்டையும் பகிர்வது வேறு, கட்டணம் வாங்குவது வேறு. சான்றிதழ் இல்லாமல் கட்டணம் வாங்கினால் காப்பீடு நிற்காமல் போகலாம்.

கிரீஸ், குரோஷியா பக்கம் வாடகைக்கு எடுக்க ஐ.சி.சி. என்ற சர்வதேசத் திறன் சான்றிதழ் வேண்டும். மோட்டாருக்காக வாங்கிய ஐ.சி.சி. வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் பாய்மரம் என்ற பிரிவு குறிக்கப்பட்டிருக்காது. டே ஸ்கிப்பர் செய்முறைச் சான்றிதழின் நகலோடு விண்ணப்பித்து அதைச் சேர்க்க வேண்டும். ஆர்.ஒய்.ஏ. உறுப்பினர்களுக்கு ஐ.சி.சி. கட்டணமில்லை, ஐந்து ஆண்டு செல்லும். கோடையில் விண்ணப்பங்கள் குவியும், பிப்ரவரியிலேயே அனுப்பிவிடுங்கள். குரோஷியாவில் எஸ்.ஆர்.சி.யும் காட்ட வேண்டும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தனி வேலை. படகுக்கு முன்பணம் கட்டும் முன் விசா நேர்காணல் தேதி கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

7. வாங்குவதானால்

முதலில் அளக்க வேண்டியது உங்கள் தற்போதைய பெர்த்தை. உங்கள் மோட்டார் படகு 0.9 மீட்டர் ஆழத்தில் மிதக்கும். ஒற்றைக் கீல் உள்ள படகு 1.5 முதல் 1.8 மீட்டர் கேட்கும். வற்றும் துறைமுகம் என்றால் அது சாய்ந்து படுத்துவிடும், முட்டுக்கால் வேண்டும். இரட்டைக் கீல் படகு நிமிர்ந்து நிற்கும், காற்றை நோக்கி ஏறுவதில் சற்று மந்தம். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே பாலம் இருந்தால் அதன் உயரத்தைப் பெருநீர் மட்டத்தில் வைத்துக் கணக்கிடுங்கள். மரத்தின் உயரத்தோடு உச்சியிலுள்ள ஆன்டெனாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படகாகப் பலரும் பார்ப்பது வெஸ்டர்லி சென்டார். 26 அடி, இரட்டைக் கீல், 0.9 மீட்டர் ஆழம், 1969 முதல் 1980 வரை 2,400-க்கு மேல் கட்டப்பட்டவை. சில ஆயிரம் பவுண்டுக்குக் கிடைக்கும். அதன் பழைய பலவீனம் கீல் உடலோடு சேரும் இடம். பல படகுகளில் உள்ளே வலுவூட்டியிருப்பார்கள், செய்த வேலைக்கு ரசீது கேளுங்கள்.

விலை குறைவு என்பதில் மயங்க வேண்டாம். மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும் என்று பல காப்பீட்டாளர்கள் எதிர்பார்க்கிறார்கள். இந்த அளவுப் படகுக்கு அது 1,500 முதல் 2,500 பவுண்டு. புது மெயின் செயிலும் (பெரும்பாய்) ஜெனோவாவும் (முன்பாய்) 2,000 முதல் 3,000. டீசல் எஞ்சின் மாற்ற வேண்டியிருந்தால் படகின் விலையைவிட அதிகம். 20, 25 வருடத்தைத் தாண்டிய படகுக்குத் தண்ணீரிலிருந்து தூக்கிய சர்வே இல்லாமல் முழுக் காப்பீடு கிடைப்பது கடினம். அதற்கு அடிக்கு 20 பவுண்டை ஒட்டி, தூக்குக் கூலி தனி. சர்வே செய்பவரை நீங்களே அமர்த்துங்கள், விற்பவர் காட்டும் பழைய அறிக்கை உங்கள் பெயரில் இல்லை.

காகிதங்கள்: விற்பனைப் பத்திரம், முந்தைய உரிமையாளர்களின் பத்திரத் தொடர், வாட் கட்டியதற்கான சான்று. எஸ்.எஸ்.ஆர். (சிறு படகுகளுக்கான பதிவேடு) பதிவு உரிமைக்கான ஆதாரம் அல்ல, அதில் கடனும் பதிவாகாது. அதை மட்டும் காட்டி விற்பவரிடம் மேலும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கிடக்கும் படகை மலிவு என்று வாங்கிக் கொண்டுவந்தால் 2021 முதல் அது இறக்குமதி, 20 விழுக்காடு வாட் சேரும்.

பழைய மோட்டார் படகை உடனே விற்றுவிடாதீர்கள், ஆனால் இரண்டையும் ஒரு குளிர்காலத்துக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம். பெர்த்தும் காப்பீடும் இரட்டிப்பாகி, மிச்சம் பிடித்த டீசல் காசு முழுவதையும் தின்னும். மார்ச்சில் விலைக்கு வையுங்கள். விற்றதும் எஸ்.எஸ்.ஆர். பதிவகத்துக்கும் ஆஃப்காமுக்கும் எழுதுங்கள். நல்ல வானொலி ஆயிற்றே என்று கழற்றிப் புதுப் படகில் மாட்டினால் ஒன்று கவனிக்க வேண்டும். அதனுள் பழைய படகை அடையாளம் காட்டும் எம்.எம்.எஸ்.ஐ. எண்தான் இருக்கும். பெரும்பாலான பெட்டிகளில் அதை நாம் ஒருமுறைதான் பதிய முடியும், மாற்ற விற்பனையாளரிடம் போக வேண்டும். மாற்றாமல் அபாயப் பொத்தானை அழுத்தினால் கடலோரக் காவல் படை ஒரு மோட்டார் படகைத் தேடும். இ.பி.ஐ.ஆர்.பி. (செயற்கைக்கோள் வழியே அபாய சமிக்ஞை அனுப்பும் கருவி) வைத்திருந்தால் அதன் பதிவையும் அதே நாளில் புதுப் படகின் பெயருக்கு மாற்றிவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.